ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருங்கள்

பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். பாசிட்ரான் என்ற சொல்லை வருஷத்துக்கு நாலு முறையாவது கரும்பலகையில் எழுதுவேன். ஆனாலும் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டர் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த அந்தக் காலையில்தான், அது அம்மாவின் உடம்புக்குள் பிறந்து அங்கேயே மறையப் போகிற ஒன்று என்பது எனக்கு உறைத்தது. பெட் ஸ்கேன் என்பதில் முதல் எழுத்து பாசிட்ரானுக்கு உரியது. பாசிட்ரான் என்பது எதிர்ப்பொருள், அதாவது எலெக்ட்ரானின் நிறையும் அதற்கு எதிரான மின்னூட்டமும் கொண்ட, சாதாரணப் பொருளைச் சந்தித்தால் அதோடு சேர்ந்து அழிந்துபோகிற துகள்.

ஆறு மணி நேரம் வெறும் வயிறு. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். அப்புறம் காத்திருப்பு. "மருந்து வண்டி மேலூர் தாண்டிருச்சாம் அண்ணே. வந்ததும் கூப்பிடுறோம்" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். முந்தின நாளே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கக் கூடாதா என்று பக்கத்தில் இருந்த பெரியவர் அலுத்துக்கொண்டார். வைக்க முடியாது. அதுதான் விஷயமே.

அந்த மருந்து குளுக்கோஸ் மாதிரியான ஒரு சர்க்கரை. அதில் ஒட்டியிருப்பது ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணு. சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில் புரோட்டான்களை வேகமாக ஓடவிட்டு, ஆக்சிஜன்-18 செறிந்த தண்ணீரில் மோதவைத்து அதை உண்டாக்குகிறார்கள். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். கிளம்பும்போது நூறு பங்கு இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஐம்பது ஆகிவிடும், நாலு மணி நேரத்துக்குள் இருபத்தைந்து. ஒரு ராத்திரி வைத்திருந்தால் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் விடியற்காலையில் செய்து, வழியில் கரையப் போவதையும் கணக்குப் போட்டுக் கூடுதலாக ஏற்றி, ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

வண்டி வந்தது. ஒரு பையன் கையில் தூக்குச்சட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அதைத் தூக்கி வரும்போது அவன் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவ்வளவும் ஈயம். உள்ளே இருப்பது சில மில்லி திரவம். ஊசியையும் ஒரு தடித்த உலோக உறைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். போட்டு முடித்ததும் அந்தப் பெண் அம்மாவை ஒரு சின்ன அறையில் படுக்க வைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டார். "ஒரு மணி நேரம் பேசாம படுத்திருங்கம்மா. ஃபோன் வேணாம். பேசுனீங்கன்னா தொண்டைத் தசைக்கு மருந்து போயிடும், படத்துல அங்கயும் வெளிச்சமா விழும்." என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா பேசாமல் ஒரு மணி நேரம் இருந்து நான் பார்த்ததே இல்லை.

வெளியே உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். பெரியவர்களுக்குப் போடும் மருந்தின் அளவு ஏறக்குறைய பத்து மில்லிகியூரி. அப்படியென்றால் ஒரு நொடிக்கு 37 கோடி அணுக்கள் சிதைகின்றன. ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒரு பாசிட்ரானை வெளியே தள்ளும். அந்தப் பாசிட்ரான் சதைக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதே அதிகம். அதற்குள் ஓர் எலெக்ட்ரான் எதிரே வந்துவிடும். இரண்டும் சேர்ந்த கணத்தில் இரண்டுமே இல்லை. அவற்றின் நிறை முழுக்க இரண்டு காமா கதிர்களாகி, ஒவ்வொன்றும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு, ஒன்று இந்தப் பக்கமும் இன்னொன்று நேர் எதிர்ப்பக்கமும் பாயும். ஸ்கேன் இயந்திரத்தின் வளையம் அந்த ஜோடியைத்தான் பிடிக்கிறது. இரண்டு முனைகளையும் ஒரு கோட்டால் இணைத்தால், அழிவு நடந்த இடம் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. அப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் எங்கே குவிகின்றனவோ அங்கே சர்க்கரையை அதிகமாகத் தின்னும் செல்கள் இருக்கின்றன. புற்றுநோய் செல்கள் அப்படித் தின்பவை.

இன்னொரு கணக்கும் போட்டேன். அந்த ஊசியில் இருந்தது முழுக்கச் சிதைந்து முடியும்போது மொத்தம் எத்தனை பாசிட்ரான்? மூன்றரை லட்சம் கோடிக்குப் பக்கம் வருகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

முதலில் எதிர்ப்பொருள் காகிதத்தில்தான் வந்தது. 1928-இல் பால் டிராக் எலெக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதற்கு விடை தேடினால் வேண்டாத விடைகளும் சேர்ந்தே வந்தன. அவற்றைத் தள்ளிவிடாமல் மூன்று வருஷம் மல்லுக்கட்டி, எலெக்ட்ரானின் அதே நிறையும் நேர் மின்னூட்டமும் கொண்ட ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1931-இல் எழுதினார். மறு வருஷம் ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சன் அதன் படத்தையே எடுத்துவிட்டார். மேக அறை என்ற கருவி, அதைச் சுற்றி வலுவான காந்தம், நடுவில் 6 மில்லிமீட்டர் ஈயத் தகடு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களின் தடம் நீராவியில் கோடாக விழும். அந்தப் படத்தில் கோடு ஈயத்துக்குக் கீழே கொஞ்சமாகவும், மேலே அதிகமாகவும் வளைந்திருந்தது. தகட்டில் புகுந்து ஆற்றலை இழந்த பிறகுதான் காந்தம் அதை அதிகம் வளைத்திருக்க முடியும். அப்படியென்றால் அது கீழிருந்து மேலே போன துகள். மேலே போகிற துகள் அந்தப் பக்கம் வளைந்தால் அதன் மின்னூட்டம் நேர். எலெக்ட்ரானாக இருக்க முடியாது.

இந்தப் படத்தை நான் வகுப்பில் போர்டில் வரைந்து காட்டுவேன். ஈயத் தகடு இல்லாமல் இருந்திருந்தால் அதை மேலிருந்து இறங்கிய சாதாரண எலெக்ட்ரான் என்று சொல்லித் தள்ளியிருக்கலாம். 6 மில்லிமீட்டர் ஈயம் அந்த வாதத்துக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டது. எனக்கு இயற்பியல் பிடித்துப்போனதற்கு இந்த மாதிரி இடங்கள்தான் காரணம். இன்னொன்றையும் பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்வேன்: எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று எப்படிச் சிதறடிக்கும் என்று 1930-களிலேயே கணக்கிட்டவர் நம் ஹோமி பாபா. அதற்கு உலகம் முழுக்க பாபா சிதறல் என்றுதான் பெயர்.

பாசிட்ரான் இயற்கையிலேயே கிடைக்கிறது. புரோட்டானின் எதிர்த்துகள் அப்படி எளிதில் அகப்படாது, மெனக்கெட்டுச் செய்ய வேண்டும். 1955-இல் பெர்க்லியில் பெவட்ரான் என்ற முடுக்கியில், அதாவது துகள்களை வேகமாக ஓடவிடும் இயந்திரத்தில், எமிலியோ செக்ரேயும் ஓவன் சேம்பர்லெயினும் அவர்களுடைய குழுவும் முதன்முதலாக எதிர்ப்புரோட்டானைப் பார்த்தார்கள். ஆற்றலை நிறையாக மாற்ற வேண்டும், அதுவும் ஜோடியாகத்தான் பிறக்கும். அதற்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்பதை மனத்தில் வைத்தே அந்த முடுக்கியின் அளவைத் தீர்மானித்தார்கள்.

இன்றைக்கு இந்த வேலை தொடர்ந்து நடக்கிற இடம் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன். அங்கே ஒரு கூடத்துக்கு எதிர்ப்பொருள் தொழிற்சாலை என்றே பெயர். புரோட்டான்களை வேகமாக்கி இரிடியம் உலோகத்தின் மேல் மோதவிடுகிறார்கள். ஒரு தடவைக்கு 15 லட்சம் கோடி புரோட்டான்கள் போகின்றன. திரும்பிக் கையில் கிடைப்பது 5 கோடிக்குப் பக்கமான எதிர்ப்புரோட்டான்கள். கிட்டத்தட்ட நூறு நொடிக்கு ஒரு தடவை இப்படி நடக்கும். கிடைத்தவையும் ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகப் பறந்துகொண்டிருக்கும். உலகத்தில் மற்ற முடுக்கிகள் துகள்களை விரட்டும்போது, இங்கே 182 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையம் அவற்றைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டு வேகத்தைக் குறைக்கிறது. அதற்கப்புறம் எலினா என்ற 30 மீட்டர் வளையம் இன்னும் அடக்குகிறது. எலினா வருவதற்கு முன்னால், கடைசி வேகத்தைக் குறைக்க ஒரு மெல்லிய தகட்டைக் குறுக்கே வைப்பார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அந்தத் தகட்டிலேயே வீணாகப் போகும்.

இப்போது அந்த எண். என் அம்மாவின் ஊசியில் இருந்தது மூன்றரை லட்சம் கோடி பாசிட்ரான்களுக்கான விதை. செர்ன் வளையத்தில் அதே எண்ணிக்கையில் எதிர்ப்புரோட்டான் சேர வேண்டுமென்றால் இரவு பகலாக 80 நாள் ஓட வேண்டும். பாசிட்ரான் ஒரு புரோட்டானைவிட 1,836 மடங்கு லேசானது, அதனால் இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும், மேலூர் ரோட்டில் வந்த அந்தத் தூக்குச்சட்டியை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் குண்டைப் பற்றித்தான். ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் சாதாரணப் பொருளோடு சேர்ந்தால் வெளிப்படும் ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மின்சாரக் கணக்கில் 5 கோடி யூனிட். இது உண்மை. ஆனால் அந்த ஒரு கிராமுக்கு எங்கே போவது? மேலே சொன்ன வேகத்தில் செர்ன் ஒரு நொடியும் நிற்காமல் ஓடினால் 3,800 கோடி வருஷம் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருஷம். நிற்காமல் ஓடி ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்ததை ஒரே தடவையில் அழித்தால் என்ன கிடைக்கும்? ஒரு 60 வாட் பல்பு ஒன்றேகால் நிமிடத்துக்கு எரியும். போட்ட மின்சாரத்தில் திரும்பி வருவது நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான். பூமியில் எடுத்துக்கொள்ள எங்கும் எதிர்ப்பொருள் சுரங்கம் கிடையாது. அதனால் அதை எரிபொருள் என்று சொல்வதே பொருந்தாது. நட்சத்திரங்களுக்குப் போகும் ராக்கெட் பற்றிய பேச்சும் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. எடைக்கு எடை அதைவிட ஆற்றல் கொண்டது எதுவும் இல்லை என்பதால் கனவு காண்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கை மட்டும் போட்டுக் காட்டிவிடுவேன்.

சரி, உண்டாக்கியாகிவிட்டது. எதில் வைப்பது? கண்ணாடியோ இரும்போ, எந்தப் பாத்திரமும் பொருளால் ஆனது. தொட்டால் போச்சு. காற்று மூலக்கூறு ஒன்று இடித்தாலும் போச்சு. இந்தத் துறையின் பாதி உழைப்பு இதில்தான் போகிறது. மின்னூட்டம் உள்ள துகளாக இருந்தால் வழி இருக்கிறது. விண்வெளியைப் போன்ற வெற்றிடத்தை ஒரு குழாய்க்குள் உண்டாக்கி, காந்தப்புலமும் மின்புலமும் சேர்ந்து துகளைச் சுவரில் முட்டாமல் நடுவிலேயே சுழலவிடுவதற்குப் பென்னிங் பொறி என்று பெயர். செர்னில் பேஸ் என்ற குழு இப்படி எதிர்ப்புரோட்டான்களை 405 நாள் வைத்திருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேல்! கண்ணுக்குத் தெரியாத, தொடவே கூடாத ஒன்றைப் பச்சைப்பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர் ஹைட்ரஜன் அணு அதைவிடப் படுத்தும். எதிர்ப்புரோட்டானைச் சுற்றி ஒரு பாசிட்ரான், மொத்தத்தில் மின்னூட்டம் பூஜ்யம். பென்னிங் பொறி அதைப் பிடிக்காது. 1995-இல் செர்னில் முதன்முதலாக ஒன்பது அணுக்களை உண்டாக்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரு பத்து மீட்டர் பறந்து முடிந்துபோனது. 2010-இல்தான் ஆல்ஃபா என்ற குழு 38 அணுக்களைப் பொறியில் நிறுத்தியது. மறு வருஷம் அதே குழு ஆயிரம் நொடி வரை நிறுத்திக் காட்டியது. அந்த அணு ஒரு மிகச் சின்னக் காந்தம் என்பதுதான் ஒரே பிடி. அதை வைத்து இழுத்து நிறுத்த வேண்டுமானால் அணு தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது மைனஸ் 273 டிகிரிக்கு, அரை டிகிரிக்குள் குளிர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் சூடாக இருந்தாலும் நழுவிவிடும். பல்லாயிரம் அணுக்கள் உருவானாலும் ஒரு தடவைக்கு இருபது போலத்தான் பல வருஷம் தங்கிக்கொண்டிருந்தன. இப்போது பெரிலியம் அயனிகளை வைத்துப் பாசிட்ரான்களை முன்கூட்டியே குளிரவைத்து, ஏழு மணி நேரத்துக்குள் 15,000 அணுக்கள் வரை சேர்த்துவிட்டார்கள்.

பொறியில் அணு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காந்தத்தை அணைப்பார்கள். அணு போய்ச் சுவரில் மோதும், அழியும், சிதறும் துகள்களின் தடத்தை உணரிகள் பதியும். பிடித்தது உண்மை என்று தெரிந்துகொள்வதற்கு அதைக் கைவிட வேண்டும். 38 என்ற எண்ணும் அப்படி இழந்து எண்ணியதுதான்.

அதே முறையில்தான் எனக்குப் பிடித்த சோதனையும் நடந்தது. எதிர்ப்பொருள் கீழே விழுமா, மேலே போகுமா? கேட்டால் குழந்தைத்தனமாக இருக்கும், ஆனால் யாரும் நேராகப் பார்த்ததில்லை. ஆல்ஃபா குழு பொறியைச் செங்குத்தாக நிறுத்தி, நூறு போல அணுக்களை உள்ளே வைத்து, மேல் வாயையும் கீழ் வாயையும் இருபது நொடியில் மெல்ல மெல்லத் திறந்தது. ஏறக்குறைய எண்பது சதவீதம் கீழ்ப்பக்கமாக வெளியேறின. சாதாரண ஹைட்ரஜனை வைத்துக் கணக்கிட்டாலும் அதே அளவுதான் வருகிறது. 2023 செப்டம்பரில் முடிவு வெளியானது. எதிர்ப்பொருளும் நம்மைப்போலத்தான் விழுகிறது. எவ்வளவு வேகத்தில் என்பதை இன்னும் துல்லியமாக அளக்க வேண்டியிருக்கிறது, அந்த வேலை நடக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்று ஸ்டாஃப் ரூமிலும் கேட்பார்கள். பிரபஞ்சம் தோன்றியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகப் பிறந்திருக்க வேண்டும். சமமாக இருந்திருந்தால் எல்லாம் அழிந்து வெறும் வெளிச்சம்தான் மிஞ்சியிருக்கும். நூறு கோடி ஜோடிக்கு ஒன்று என்ற அளவில் பொருள் கூடுதலாக நின்றிருக்கிறது. அந்த மிச்சம்தான் நாம். ஏன் மிஞ்சியது என்பதற்குத் துப்புக் கிடைக்குமா என்றுதான் ஹைட்ரஜனையும் எதிர் ஹைட்ரஜனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லேசர் ஒளியை எந்த இடத்தில் விழுங்குகின்றன என்று பார்க்கிறார்கள். 2018-இல் லட்சம் கோடியில் இரண்டு பங்கு என்ற துல்லியத்துக்கு ஒத்துப்போனது. ஒரு வித்தியாசமும் அகப்படவில்லை. நான் இதை ஏமாற்றம் என்று நினைக்கவில்லை. பதில் இங்கே இல்லை என்று தெரிவதும் தேடலில் ஒரு பகுதிதானே.

பயன்கள் என்று கேட்டால் சின்னச் சின்னதாகச் சில உண்டு. புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதும் கற்றைகளில்தான் 1983-இல், சில கதிரியக்கச் சிதைவுகளுக்குக் காரணமான விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே நோபல் பரிசு. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நெடுங்காலமாகப் பாசிட்ரானை உலோகத்துக்குள் அனுப்பிப் பார்க்கிறார்கள். அணு விடுபட்டுப்போன காலி இடங்களில் எலெக்ட்ரான் குறைவு. அங்கே மாட்டிக்கொண்ட பாசிட்ரான் கொஞ்சம் கூடுதலாக உயிரோடிருக்கும். அந்த நொடிப் பின்னத்தை அளந்தால் உலோகத்தின் உள்காயம் தெரிந்துவிடும். எதிர்ப்புரோட்டானைக் கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை தர முடியுமா என்றும் செர்னில் வெள்ளெலிச் செல்களை வைத்துச் சோதித்தார்கள். சாதாரணப் புரோட்டானைக் கொண்டு கொல்வதற்குத் தேவையானதில் கால்வாசித் துகள்களே போதும் என்று 2006-இல் வெளியிட்டார்கள். செலவை நினைத்தால் இன்னும் எந்த ஆஸ்பத்திரிக்கும் எட்டாத தூரம்.

இவை எல்லாவற்றிலும் ஒன்று திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பொருளைச் சாகவிடாமல் காப்பாற்ற அவ்வளவு பாடு. ஆஸ்பத்திரியிலோ அது சாகும் இடத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். சேமிக்கத் தேவையே இல்லாத இடத்தில்தான் அது மனுஷனுக்கு உதவியிருக்கிறது.

சேமித்ததை ரோட்டில் கொண்டுபோகவும் தொடங்கியிருக்கிறார்கள். தொழிற்சாலைக் கூடத்தில் முடுக்கிகளின் காந்த இரைச்சல் அதிகம், நுண்ணிய அளவுகளுக்கு அது ஆகாது. அதனால் பேஸ் குழு ஒரு டன் எடைக்குப் பக்கமான பொறி ஒன்றைச் செய்து, 2024 அக்டோபரில் அதற்குள் 70 புரோட்டான்களை வைத்து, லாரியில் ஏற்றிச் செர்ன் வளாகத்துக்குள் ஓட்டிப் பார்த்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை. எதிர்ப்புரோட்டானை இப்படி ஏற்றி ஜெர்மனியின் டுசல்டார்ஃப் வரை கொண்டுபோவது அவர்களுடைய நோக்கம். வேகத்தடையில் லாரி ஏறி இறங்கும்போது கூட இருந்தவர்களுக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலூர் ரோட்டில் வந்த வண்டிக்காக நானும் காத்திருந்தவன்தானே.

ஸ்கேன் முடிந்து அம்மா வெளியே வந்தபோது பதினொன்றரை. வாசலில் வாங்கிய ஒரு வாழைப்பழத்தோடு விரதம் முடிந்தது. அதிலும் பொட்டாசியம்-40 இருக்கிறது, ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரானை அதுவும் விடும் என்று சொன்னேன். அம்மா பழத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

சாயங்காலம் வரை சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று உண்டு. திண்ணையில் அம்மா, நிலைப்படியில் என் மகள். நடுவில் பத்தடி. "ஆச்சி, உனக்குள்ள லைட் எரியுதா?" என்று அவள் அங்கிருந்தே கேட்டாள். பக்கத்து வீட்டில் விளக்குப் போட்ட நேரத்துக்கு அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, இந்நேரம் போயிருக்குமா அது?"

கணக்குப் போட்டேன். ஒன்பதே முக்காலுக்குப் போட்ட ஊசி. ஐந்து அரை ஆயுள் ஓடியிருந்தது, நூற்றில் மூன்று பங்கு.

"வரலாம்மா" என்றேன். அம்மா கேட்ட கேள்விக்கான பதிலுக்குக் காத்திராமல் மகள் ஏற்கெனவே மடிக்கு ஓடிப்போயிருந்தாள். காலையில் பாக்கி வைத்த ஒரு மணி நேரத்துப் பேச்சையும் சேர்த்து அம்மா அவளிடம் பேசத் தொடங்கினார்.